மர வளையங்களைப் படித்த டக்ளஸ்

வறண்ட நிலத்து மரம், மழை பெய்த ஆண்டில் அகன்ற வளையமொன்றையும், மழை பொய்த்த ஆண்டில் நூலிழை போன்ற வளையமொன்றையும் தன்னுடலுள் வரைந்து கொள்கின்றது. நீர்வளம் மிக்க நாட்டு மரங்களிலோ வளையங்கள் பெரும்பாலும் ஒரே அளவினவாதலின் அவை நமக்கு மிகுதியாக உரைப்பதில்லை. இவ்வேற்றுமையைக் கொண்டு ஒரு புதுச் சாஸ்திரத்தையே நிறுவியவர் ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் என்னும் அமெரிக்கர்.

1867-ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாகாணத்திற் பிறந்த இவர் தொழிலால் வான சாஸ்திரி. 1894-இல் பெர்சிவல் லோவல் என்னும் செல்வர் செவ்வாய்க் கிரகத்தை ஆராய விரும்பியபோது, வானிலையத்திற்கு அரிசோனாவில் இடந் தேடித் தந்தவர் இவரே. செவ்வாயில் அறிவுடையோர் வெட்டிய கால்வாய்கள் உள என்பது லோவலின் துணிபு. டக்ளஸோ, தொலைவில் நிறுத்திய செயற்கை வட்டங்களைத் தொலைநோக்கியாற் கண்டு, அக்கோடுகளிற் சில கண்மயக்கமே என்று ஐயுற்றார். 1901-இல் வேலை போயிற்று. ஊதியம் அளிப்பவரின் கொள்கையை ஐயுறுதல் எந்நாட்டிலும் எளிதன்று.

பின்னர் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் நீதிபதியாயும் ஸ்பானிய மொழி ஆசிரியராயும் இருந்தார். ஞாயிற்றின் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கொருமுறை மிகுகின்றன; அதனால் மழை மாறுமாயின் மரமும் அதனைக் காட்டுமன்றோ என்றெண்ணி, 1904-இல் பைன் மரத் துண்டங்களை அளக்கலானார். கடும் வறட்சியில் மரம் வளையமே இடாது விடுதலும் உண்டு. வெறுமனே எண்ணினாற் கணக்குத் தவறும். ஆகவே பல மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொன்றிற்கும் உரிய ஆண்டைத் துணிந்தார். ஞாயிற்றைப் பற்றிய அவர் கருத்து முழுதும் நிலைபெறவில்லை, இப்பொருத்துமுறை நிலைபெற்றது.

அந்நாட்டுப் பழங்குடிகளான பியூப்லோ மக்கள் விட்டுச்சென்ற பாழ் ஊர்கள் பல. ஆண்டெழுதிய ஏடு ஒன்றும் இன்மையால், அவற்றின் காலத்தை ஊகத்தாலன்றி அறிவார் இலர். டக்ளஸ் அவ்வீட்டு உத்தரங்களைக் கொண்டு 585 ஆண்டுத் தொடரொன்றைக் கட்டினார். ஆயினும் அது எவ்வாண்டில் தொடங்கியது? உயிர்மரங்களினின்று பின்னோக்கிச் சென்ற தொடரோ 13-ஆம் நூற்றாண்டில் நின்றுவிட்டது. 1929 ஜூன் 22-இல் ஷோ லோ என்னும் ஊரில் கரிந்த உத்தரமொன்று அகப்பட்டது. அதன் உள்வளையம் 1237-ஆம் ஆண்டினது. அன்றிரவே விளக்கொளியில் அதனை ஆராய்ந்த டக்ளஸ், இரு தொடர்களுக்கும் இடைவெளியே இல்லை எனக் கண்டார்! அவை முன்னரே ஒன்றையொன்று தழுவியிருந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த பெரும் வறட்சியின் குறுவளையங்களால் அது புலப்படாதிருந்தது. சாக்கோப் பள்ளத்தாக்கின் பியூப்லோ பொனிட்டோ என்னும் பெருமனை எக்காலத்திற் கட்டப்பட்டதென்பது இவ்வாறே தெளிவாயிற்று.

1937-இல் டூசான் நகர்ச் சர்வகலாசாலையில் மர வளைய ஆராய்ச்சிசாலை நிறுவி, 1962-இல் தமது 94-ஆம் வயதிற் காலமானார். அவர் திரட்டிய மரத்துண்டங்கள், அக்கலாசாலையின் பந்தாட்ட அரங்கத்துப் படிகளின்கீழ்ப் பல பத்தாண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.