நீருக்கு மனை வகுத்தவர்

உயிர்களை வளர்ப்பதும் நீரே. உயிர்களைக் கவர்வதும் நீரே. நீரிலே தந்தையை இழந்த பிள்ளை அந்நீரைக் கண்டஞ்சி, வாழ்நாள் முழுவதும் கரையிலேயே நின்றுவிடுதல் உலகியல்பு. ஆயின், தந்தையைக் கொண்ட நதியை வெறுத்தொதுக்காது, நீரின் இயல்பை முயன்று கற்று, அதன்கண் வெற்றியும் கண்டு, ஈற்றில் அந்நதியின் நடுவிலேயே பிறர் பிள்ளைகள் அச்சமின்றி நீந்துதற்கு ஒரு மனை வகுத்தார் ஒருவர். அவரே ஹங்கேரி நாட்டவராகிய அல்பிரட் ஹாயோஷ் என்பார். இக்கால ஒலிம்பிக் விழாவின் முதல் நீச்சல் வெற்றியாளர் என்று வரலாறு அவரைக் குறிக்கும். அவ்வளவில் அமைந்துவிடின் அவர் வாழ்வின் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலனாகாது போய்விடும்.

ஹாயோஷ் 1878ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் திகதி புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அர்னோல்ட் குட்மன் என்பதாம். அந்நகரை இரு கூறாகப் பிரித்துக்கொண்டு ஓடுவது டன்யூப் என்னும் பேராறு. அவருக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, தந்தையார் அவ்வாற்றில் மூழ்கி இறந்தார். அத்துயரமே அவரை நீச்சற் பயிற்சியிற் புகுத்திற்று என்பர். நீந்தத் தெரிந்திருத்தல் விளையாட்டன்று, உயிர்காக்கும் கல்வியென்று அப்பிஞ்சு உள்ளம் உணர்ந்தது போலும். பிற்காலத்தில் அவர் தமக்கெனத் தெரிந்துகொண்ட ஹாயோஷ் என்னும் பெயருக்கு ஹங்கேரிய மொழியில் மாலுமி என்பது பொருள். நீரால் தந்தையை இழந்தவர் நீரோடு உறவுடைய பெயரையே பூண்டமை நினைக்கத்தக்கது.

1895ஆம் ஆண்டு வியன்னா நகரிலே நிகழ்ந்த போட்டியில் 100 மீற்றர் தூரத்தை நீந்தி ஐரோப்பிய வெற்றியாளர் என்னும் பட்டத்தைப் பெற்றார். அக்காலத்தில் அவர் புடாபெஸ்டிலே கட்டடக்கலை பயிலும் மாணவர். அடுத்த ஆண்டு, பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பிக் விழா அதென்ஸ் நகரிற் புத்துயிர் பெற்றது. கல்லூரியில் அரிதின் முயன்று விடுமுறை பெற்று, ஹங்கேரிய வீரர் எழுவருள் ஒருவராக அங்குச் சென்றார்.

இன்று நீச்சற் போட்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தெளிந்த நீர் நிறைந்த தடாகமும், ஒவ்வொருவர்க்கும் கயிறிட்டு வகுத்த வழியுமேயாம். 1896ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 11ஆந் திகதி பிரேயஸ் துறைமுகத்தை அடுத்த சேயா விரிகுடாவில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததில்லை. திறந்த கடலே போட்டிக் களம். குடைந்த பூசணிக்காய்களை நீரில் மிதக்கவிட்டு எல்லை குறித்திருந்தனர். காற்று வீசிற்று, அலைகள் மோதின, நீரின் வெப்பநிலை 13 பாகை செல்சியசு அளவினதாய் இருந்தது. அத்தகைய குளிரில் மூச்சுத் திணறும், கைகால்கள் விறைக்கும், வலிமையிற் பாதி குளிரைத் தாங்குவதிலேயே செலவாகிவிடும். பிறீஸ்டைல் எனப்படும் விருப்பப்பாணி நீச்சலாதலின், எம்முறையால் நீந்துவதென்பது வீரரவர் தெரிவுக்கு உரியதாயிருந்தது.

அந்நிலையில் 100 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 22.2 செக்கனில் நீந்தி முதலிற் கரைகண்டவர் பதினெட்டு வயதினரான ஹாயோஷ். அவருக்கு அடுத்து வந்தவர் வியன்னா நகரத்து ஒட்டோ ஹேர்ஷ்மன். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் சீன வீரர் பான் சான்லே இதே தூரத்தை 46.40 செக்கனில் நீந்தி உலக சாதனை நிலைநாட்டினார். இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்து முன்னவரைத் தாழ்த்துதல் முறையன்று. ஒருவர் நீந்தியது அமைதியான தடாகத்தில். மற்றவர் நீந்தியது அலைகடலில். ஒப்பிடுதற்கு நிலமும் பொழுதும் ஒத்திருத்தல் வேண்டுமன்றோ?

அன்றைய தினமே 1,200 மீற்றர்ப் போட்டியும் நடைபெற்றது. முதற்போட்டியில் குளிரின் கொடுமையை அறிந்துகொண்ட ஹாயோஷ், இம்முறை உடல் முழுவதும் கொழுப்பைத் தடிப்பாகப் பூசிக்கொண்டார். வீரர்களைப் படகிலேற்றி நடுக்கடலுக்குக் கொண்டுசென்று இறக்கிவிட்டனர். கரைநோக்கி நீந்துவதே போட்டி. அதனையும் அவரே வென்றார். வெல்லவேண்டும் என்னும் வேட்கையினும் உயிரோடு கரைசேரவேண்டும் என்னும் எண்ணமே அப்போது தம்மிடம் மேலோங்கி நின்றதெனப் பின்னாளில் ஒளியாது கூறினார். வீரத்தை மிகைப்படுத்திப் பேசுவோர் பலர். அச்சத்தை உள்ளவாறே சொல்லுதற்கும் வீரம் வேண்டும். தந்தையின் முடிவை அறிந்த மைந்தர் நடுக்கடலிலே அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

விழாவின் முடிவில் வெற்றியாளர்க்கு ஒலிவக் கிளையும் வெள்ளிப் பதக்கமும் அளிக்கப்பட்டன. முதற்பரிசாகப் பொற்பதக்கம் வழங்கும் வழக்கம் அன்று தோன்றியிருக்கவில்லை. அதென்ஸ் மக்கள் அவரைக் கொண்டாடினர். ஹங்கேரிய டொல்பின் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. ஊர் மீண்டு கல்லூரி சென்றபோது வரவேற்பு வேறுவிதமாய் அமைந்தது. பீடாதிபதி அவருடைய பதக்கங்களில் தமக்கு அக்கறை இல்லையென்றும், அடுத்த பரீட்சையில் அவர் அளிக்கப்போகும் விடைகளையே கேட்க விரும்புவதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார் என்பர். இவ்வரலாற்றைக் கேட்போர் நகைத்து விடுவது வழக்கம். ஆசிரியராயுள்ளோர் நகைப்பதோடு நிறுத்துதல் கூடாது. மாணவன் பாடத்தைக் கைவிடலாகாது என்ற அப்பெரியாரின் கண்டிப்பிற் குற்றமில்லை. மெய்வலியால் எய்திய சிறப்பு கல்விக்குப் புறம்பானது எனக் கருதியதே குற்றம். அவ்வாறு கருதுவோர் இன்றும் பள்ளிதோறும் உளர்.

ஹாயோஷ் எதிர்வாதம் புரிந்திலர். பாடத்தை ஒழுங்காகப் படித்துத் தேறினார். ஓட்டம், வட்டெறிதல் ஆகியவற்றிலும் தம் நாட்டில் வெற்றி பெற்றார். 1902ஆம் ஆண்டு ஹங்கேரி முதன்முறையாக ஒஸ்திரியாவை எதிர்த்து ஆடிய உதைபந்தாட்டக் குழுவிலும் இடம்பெற்றார். இக்னாட்ஸ் அல்பார், ஓடோன் லேக்னர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் தொழில் பயின்று, நாளடைவில் தாமும் கட்டடக் கலைஞராய் விளங்கினார். அக்காலத்து ஒலிம்பிக் விழாவில் கலைகளுக்கும் போட்டி உண்டு. 1924ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில், டெஷோ லௌபர் என்பாருடன் சேர்ந்து அவர் வரைந்த விளையாட்டரங்கு அமைப்புக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. நடுவர் அத்துறையில் எவர்க்கும் முதற்பரிசு வழங்கினாரல்லர். ஆகவே, 1896இற் போலவே 1924இலும் அவர் கைக்கு வந்தது வெள்ளியே. இருமுறையும் அவருக்கு மேலாக ஒருவரும் நிற்கவில்லை. மெய்வல்லமைக்கும் கலைவன்மைக்கும் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் உலகில் இருவரே. அவருள் ஒருவர் இவர். பீடாதிபதியின் வினாவுக்கு இதனினும் சிறந்த விடை யாது?

எனினும், அவர் வாழ்வின் நிறைவு பதக்கத்தில் இல்லை. புடாபெஸ்ட் நகரில், டன்யூப் ஆற்றின் நடுவே மார்கிரெட் தீவு என ஒரு தீவு உண்டு. அத்தீவில் 1930ஆம் ஆண்டு ஹாயோஷ் அமைத்த கூரையிட்ட நீச்சல் தடாகம் எழுந்தது. கடுங்குளிர் காலத்திலும் பிள்ளைகள் பயில்வதற்கு அது வாய்ப்பளித்தது. சுவரும் கூரையும் பிற கட்டடக் கலைஞரும் வகுத்திருப்பர். குளிர்நீர் மனித உடலை என்ன செய்யும் என்பதைத் தம் உடலாலே கற்றிருந்த கலைஞர் இவரே. சேயா விரிகுடாவில் தமக்குக் கிடையாத அனைத்தையும் அவர் அடுத்த தலைமுறைக்கு ஆக்கி அளித்தார். அதனையும் தந்தையாரைக் கொண்ட ஆற்றின் மடியிலேயே அமைத்தார்.

பின்னர் உலகப்போர் மூண்டது. அதென்ஸிலே அவருக்கு அடுத்துக் கரைசேர்ந்த ஹேர்ஷ்மனும் யூதரே; நாற்சிகளின் கொடுமைக்கு இரையாகி 1942ஆம் ஆண்டு மாண்டார். ஒரே கடலில் ஒரே நாளில் உயிர்காக்க நீந்திய இருவருள் ஒருவரை மனிதர் அழித்தனர். ஹாயோஷ் அவ்வூழியினின்றும் தப்பிப் பிழைத்தார். 1953ஆம் ஆண்டு அனைத்துலக ஒலிம்பிக் குழு அவருக்குச் சிறப்புச் சான்று வழங்கிற்று. 1955ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி, தாம் பிறந்த புடாபெஸ்ட் நகரிலேயே, எழுபத்தேழாம் வயதில் காலமானார்.

மார்கிரெட் தீவின் தடாகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2006, 2010ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நீச்சற் போட்டிகள் அங்கு நடைபெற்றன. பிரான்சிய வீரர் அலன் பேர்ணாட் 2010இல் 100 மீற்றர் நீச்சலை வென்றதும் அவ்விடத்திலேயாம். வென்றோர் பெயரை ஏடுகள் குறித்துவைக்கும். அத்தடாகத்தில் நீந்தக் கற்று, ஆற்றுக்கு அஞ்சாது வீடு திரும்பிய பிள்ளைகளின் பெயரை எவரும் குறித்துவைத்திலர். ஹாயோஷ் தம் தந்தைக்குச் செய்த நீர்க்கடன் அப்பிள்ளைகளே எனலாம்.