கணித மேதை இராமானுசன்

இந்தியா உலகிற்கு வழங்கிய கணித மேதைகளுள் ஒருவர் சீனிவாச இராமானுசன். இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதும் பணி செய்தார். தாய் கோமளத்தம்மாள். அந்நாளில் கும்பகோணம், சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்கள் யாவும் சென்னை மாகாணத்திலேயே இருந்தன. இளமையில் இராமானுசன் சிறிது காலம் தெலுங்குவழிப் பள்ளியிலும் பயின்றார். மொழி மாறினும் எண்கள் மாறுவதில்லை. தமிழில் வாய்ப்பாடு எனப்படுவது தெலுங்கில் எக்காலு எனப்படும். எம்மொழியில் கூறினும் மூநான்கு பன்னிரண்டே.

பள்ளியில் சிறந்து விளங்கிய அவர், 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியதால் பிற பாடங்களில் தோல்வியுற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்ச்சி பெறவில்லை. வறுமை வாட்டியது. காகிதம் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டியின் முயற்சியால் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று பெருக்கலை அடிப்படையாகக் கொண்டது. பன்னிரண்டு புளியங்கொட்டைகளைச் சம வரிசைகளாக அடுக்குவோம். ஒரு வரிசையில் 12, இரு வரிசைகளில் ஆறாறு, மூன்று வரிசைகளில் நந்நான்கு என அடுக்கலாம். எனவே 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் பன்னிரண்டின் காரணிகள். பதினொன்றுக்கோ 1, 11 என இரண்டே காரணிகள். பன்னிரண்டிற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. அடுத்து இச்சிறப்புடைய எண் 24. அதற்கு எட்டுக் காரணிகள் உண்டு. இத்தகைய எண்களின் இயல்பை விளக்கி இராமானுசன் 1915இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். கல்லூரித் தேர்வில் தோற்றவருக்கு, அவ்வாய்விற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது.

1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்ற நிலையில் 1919இல் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் கணித ஆய்வைக் கைவிடவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 32ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவர் பிறந்த நாளே இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.