தமிழைத் தேடிய பயணி: தனிநாயகம் அடிகளார்

மண்ணில் புதைந்த பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுக்கும் நெய்வேலியில் வாழ்கிறோம் நாம். நூலகங்களில் புதைந்து கிடந்த தமிழ்ச் செல்வத்தை வெளிக்கொணர்ந்தவர் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார்.

1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த இவர், உரோமையில் பயின்று குருவானார். தமிழை ஆழ்ந்து கற்காத குறையை உணர்ந்து, முப்பது வயதைக் கடந்தபின் நமக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார்.

பின்னர், பலமுறை ஐரோப்பா சென்றார்; காட்சிகளைக் கண்டு களிக்க அன்று, தமிழைத் தேடவே. லிஸ்பனில் 1554-இல் அச்சான தமிழ் மறைநூலை அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தார். வத்திக்கான் நூலகத்திலிருந்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966-இல் மறுபதிப்பாக்கினார். ஐம்பது வயதைக் கடந்தும் ஓயாமல், 1970-இல் பாரிசில் நடந்த மூன்றாம் உலகத் தமிழ் மாநாட்டிற்கும் உழைத்தார். 1980-இல் இறைவனடி சேர்ந்தார்.

கடல் கடந்து அவர் தேடிய தமிழ் நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. அதனை நாம் சுமையென எண்ணலாமா?