மேடையில் மூடிய கண்கள்... டாக்டர் ஜேம்ஸ் பிரெய்டு கண்டுபிடித்த ஹிப்னாடிச ரகசியம்!

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்றப்போ நீங்களும் பார்த்திருப்பீங்க. மேடையில் ஒருத்தர் சொடக்கு போடுவார். எதிரில் இருப்பவர் அப்படியே தலை சாய்ந்துவிடுவார். அப்புறம் வெங்காயத்தை ஆப்பிள்னு நினைச்சுக் கடிப்பார். அரங்கமே சிரிக்கும். சொடக்கு போட்ட ஆள்கிட்ட ஏதோ சக்தி இருக்குன்னு ஒரு நொடி உங்களுக்கும் தோணியிருக்கும்.

1841 நவம்பரில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இப்படியொரு ஷோவுக்குப் போன ஜேம்ஸ் பிரெய்டுக்கு அப்படித் தோணவில்லை. சுத்த ஏமாத்து வேலை என்று நினைத்துத்தான் போனார். 1795-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் படித்தவர். வளைந்த பாதம், மாறுகண் ஆபரேஷன்களில் பேர் எடுத்த சர்ஜன்.

மேடையில் நின்றவர் பிரான்ஸைச் சேர்ந்த சார்ல்ஸ் லஃபோன்டேன். எதிரில் இருப்பவரின் கட்டைவிரல்களைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை உற்றுப் பார்ப்பார். தன்னிடமிருந்து காந்த சக்தி பாய்கிறது என்பது அவர் சொன்ன விளக்கம். முதல் நாள் பிரெய்டு நம்பவில்லை. ஆனா, சில நாள் கழித்துத் திரும்பவும் போனார் பாருங்க, அங்கேதான் கதையே ஆரம்பம். கூட்டம் வித்தை காட்டுபவரைப் பார்க்க, இவர் நாற்காலியில் இருந்தவரின் இமைகளைப் பார்த்தார். அந்த ஆளால் நிஜமாகவே கண்ணைத் திறக்க முடியவில்லை!

ஒருவேளை, ஒரே இடத்தை உற்றுப் பார்த்துப் பார்த்து கண் களைச்சுப்போச்சோ?

வீட்டுக்கு வந்தார். ஒரு நண்பரை உட்காரவைத்து, ஒயின் பாட்டிலின் கழுத்தைக் கண் இமைக்காமல் பார்க்கச் சொன்னார். மூன்றே நிமிஷம். கன்னத்தில் கண்ணீர் வழிய, இமை மூடி, தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவிக்கு ஒரே ஆச்சர்யம். அடுத்து அவர் முறை. பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தவரும் அதே கதிதான். சர்க்கரைக் கிண்ணத்தில் ஏதுங்க காந்த சக்தி?

வேலை செய்வது உட்கார்ந்திருப்பவரின் கவனம்தான் என்று பிரெய்டு பிடித்துவிட்டார். அவர் சம்மதித்து ஒத்துழைக்காவிட்டால் யாராலும் எதுவும் பண்ண முடியாது. மேடைக்காரர்கள் மறைக்க விரும்பிய விஷயம் இது. சட்டென்று ஒத்துழைக்கிறவர்களைப் பொறுக்கித்தான் அவர்கள் மேடையில் வைத்துக்கொள்வார்கள். கிளினிக்கில் பொறுக்க முடியுமா? வலியோடு யார் வந்தாலும் பார்த்தாகணும்.

பிரெய்டும் மேடை ஏறிப் பலரைத் தூங்கவைத்துக் காட்டினார். எனக்கே இது கொஞ்சம் நெருடுது. ஆனா, எப்படி நடக்கிறது என்பதை அங்கேயே உடைத்துச் சொன்னார். இது டாக்டர்கள் கையில்தான் இருக்கணும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். அந்த டாக்டர்களோ அவரை லேசில் ஏற்கவில்லை. 1842-ல் மான்செஸ்டரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் மாநாடு அவர் கட்டுரையை நிராகரித்தது. அவரே தனியாகக் கூட்டம் போட்டுப் பேசினார். 1843-ல் புத்தகமும் எழுதினார்.

ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவரும் இவர்தான். தூக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இது தூக்கமே இல்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று பிறகு புரிந்ததும் பெயரை மாற்றப் பார்த்தார். ம்ஹூம், ஒட்டலை!

1844-ல் அவருக்கே கடுமையான வாதவலி. மூச்சுவிடக்கூட முடியாத அவஸ்தை. நண்பர்கள் இருவரை எழுப்பிவிடச் சொல்லிவிட்டு, தன்னைத்தானே ஹிப்னாடிசம் செய்துகொண்டார். கைதட்ட அங்கே யாரும் இல்லை. ஒன்பது நிமிஷம் கழித்து எழுப்பினார்கள். வலி போயிருந்தது.