உணவுக்குமுன் செபிக்கும் முதியவர்

ஒல்லாந்து ஓவியர் வின்சென்ற் வான்கோ, 1853இல் புரட்டஸ்தாந்து போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தாமும் வேதம் போதிக்க விரும்பிப் பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்றார். பேச்சுவன்மை போதாதென 1879இல் நிறுத்திவிட்டனர். 1881 நத்தார் தினத்தன்று கோவிலுக்குச் செல்ல மறுக்கவே, தகப்பனார் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார்.

ஹேக் நகருக்குப் போன மகன், மறு நத்தார் நெருங்கியபோது வரைந்தவை எவை? உணவுக்குமுன் செபிக்கும் முதியவர். வேதாகமம் வாசிக்கும் முதியவர். வீட்டு வழக்கம் கையை விடவில்லைப்போலும். அவ்வாண்டே கல்லச்சும் பழகி, தொழிலாளர் வீட்டுச் சுவர்களுக்கென மலிவான அச்சுப்படங்கள் வெளியிட எண்ணினார்; கைகூடவில்லை.

1885 மார்ச்சில் தகப்பனார் காலமானார். மறுமாதம், விளக்கடியில் உருளைக்கிழங்கு உண்ணும் குடியானவக் குடும்பத்தைக் கல்லில் வரைந்து அச்சிட்டார். ஒக்டோபரில் தகப்பனாரின் வேதாகமத்தை, எசாயா 53ஆம் அதிகாரத்தில் விரித்தபடி, அணைந்த மெழுகுதிரியுடன் ஓவியமாகத் தீட்டினார்.