ஆலன் டூரிங்கும் உரையாடும் இயந்திரமும்

கணினி அறிவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஆலன் டூரிங். இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். இவருடைய குடும்பத்திற்குத் தமிழ் மண்ணோடு தொடர்பு உண்டு. தாயார் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தையார் ஜூலியஸ், மதராஸ் மாகாணத்தில் அரசு அதிகாரியாகப் பணியாற்றினார். பெற்றோர் இந்தியாவில் இருந்த காலத்தில், ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரின் பராமரிப்பில் வளர்ந்தனர்.

ஆலன் கணிதத்தில் சிறந்து விளங்கினார். ஆனால், பேச்சு அவருக்கு எளிதாக வரவில்லை. திக்கித் திக்கியே பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுமையோடு காத்திருக்க வேண்டியிருந்தது.

1936ஆம் ஆண்டு, கணினிக்கு அடிப்படையான கோட்பாட்டை ஒரு கட்டுரையில் விளக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பிளெச்லி பார்க்கில் பணிபுரிந்து, ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீடுகளை உடைப்பதில் பெரும்பங்கு ஆற்றினார். 1948ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இயந்திரம் சிந்திக்குமா? இதை ஆராய 1950ஆம் ஆண்டு ஒரு சோதனையை முன்வைத்தார். ஒருவர், அடுத்த அறையில் இருப்பது மனிதனா இயந்திரமா என்பதைத் தட்டச்சு வழியான கேள்வி பதில்களால் கண்டறிய வேண்டும். அவர் தந்த எடுத்துக்காட்டில், ஒரு கூட்டல் கணக்குக்கு விடை சொல்ல ஏறத்தாழ 30 வினாடி ஆகிறது. விடையிலும் பிழை உள்ளது. மிக விரைவாகவும் பிழையின்றியும் கணக்கிட்டால் இயந்திரம் பிடிபட்டுவிடும் அல்லவா?

அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தால் டூரிங்கின் இறுதி ஆண்டுகள் துன்பத்தில் கழிந்தன. 1954ஆம் ஆண்டு, 41ஆம் வயதில் மறைந்தார். 2009ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிரதமர் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

செரண்டா வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலையில் உழைக்கும் இயந்திரக் கைகளுக்கு உரையாடத் தேவையில்லை. முதியோரோடும் சிறுவரோடும் பேசும் இயந்திர மனிதனுக்கோ முறையறிந்து பேசும் திறன் வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தொடங்க மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் 0.2 வினாடி மட்டுமே. ஆயினும், எல்லா மௌனமும் பேச்சின் முடிவு அன்று. எதிரில் இருப்பவர் முடித்துவிட்டாரா, சொல்லைத் தேடுகிறாரா என இயந்திரம் பிரித்தறிய வேண்டும். டூரிங்கைப் போல் திக்கிப் பேசுபவரை இடைமறிக்கும் இயந்திரம் நல்ல துணையாகாது. காத்திருந்து கேட்பது இயந்திரம் மட்டுமன்றி நாமும் கற்க வேண்டிய பண்பாகும்.