சீனம் சென்ற மருத்துவர்

மராட்டிய நாட்டில் சோலாப்பூர் என்பது ஓர் ஊர். நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரில் 1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் துவாரகாநாத் கோட்னிஸ் பிறந்தார். உடன்பிறந்தார் பலர், செல்வமோ சுருக்கம். ஆயினும் இளமையிலேயே அவர் உள்ளத்தில் இரண்டு ஆசைகள் வேரூன்றியிருந்தன. ஒன்று, மருத்துவர் ஆதல் வேண்டும் என்பது. மற்றொன்று, உலகின் பல நாடுகளையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும் என்பது. பம்பாயில் உள்ள சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்று அவர் முதல் ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். மேற்படிப்பில் ஈடுபட்டிருந்த வேளையில், இரண்டாம் ஆசைக்கு உரிய வழி எதிர்பாராத வகையில் திறந்தது.

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானியப் படைகள் சீன நாட்டின்மீது பெரும்போர் தொடுத்தன. நகரங்கள் வீழ்ந்தன, எண்ணற்ற மக்கள் வீடிழந்து நாற்றிசையும் ஓடினர். போர்க்களத்தில் காயமுற்றோர்க்கு மருந்திட மருத்துவர் இல்லை. சீனப் படைத்தலைவருள் ஒருவராகிய ஜூ டே, மருத்துவர்களை அனுப்பி உதவுமாறு ஜவாஹர்லால் நேருவுக்கு எழுதினார். அக்காலத்தில் காங்கிரசுத் தலைவராக விளங்கிய சுபாஷ் சந்திர போஸ் நாட்டு மக்களிடம் பொருளுதவி வேண்டினார். 22,000 ரூபாய் திரண்டது. ஒரு பெரும்போரின் துயரத்தை நோக்க இத்தொகை மிகச் சிறிதே. எனினும், தானே அன்னியர் ஆட்சியின்கீழ் வாடிக்கிடந்த ஒரு நாடு, பிறிதொரு நாட்டின் கண்ணீரைத் துடைக்கக் கைநீட்டியது என்பதை எண்ணும்போதுதான் அதன் மதிப்பு விளங்கும்.

மருத்துவர் ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஸ்பெயின் நாட்டுப் போர்க்களத்தில் தொண்டாற்றிப் பழகிய அடல் என்பார் குழுவின் தலைவர். சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ் ஆகியோர் ஏனைய நால்வர். கோட்னிசுக்கு அப்போது 28 வயது நிரம்பவில்லை. அவருடைய வீட்டார்க்குச் சீனத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சீனப்பட்டைச் சுமந்து தெருவில் விற்க வரும் வணிகர் அந்நாட்டினர் என்பதே. அத்தகைய நாட்டிற்கு, அதுவும் போர் நடக்கும் காலத்தில், மகனை விடுத்தல் பெற்றோர்க்கு எளிதாக இருந்திராது. 1938-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐவரும் பம்பாயில் கப்பலேறினர்.

கான்டன் துறைமுகத்தில் இறங்கிய அவர்கள், வூஹான் நகரிலும் பின்னர்ச் சுங்கிங் நகரிலும் பணியாற்றினர். அங்கு ஒவ்வொருவரும் தம் பெயரின் இறுதியில் சீனத்தைக் குறிக்கும் 'ஹுவா' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். கோட்னிஸ், 'கே திஹுவா' ஆனார். வடக்கே போர்முனையை நோக்கிப் புறப்பட இருந்த வேளையில் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய தந்தையார் இறந்துவிட்டார்! குடும்பத்தைத் தாங்கும் கடமையைக் கருதி ஊர் திரும்புமாறு தலைவர் அடல் அறிவுறுத்தினார். திரும்பியிருப்பின் அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார். தாயின் துயரமும் வீட்டின் நிலையும் ஒருபுறம் இழுத்தன. தாம் ஏற்ற பணி மறுபுறம் இழுத்தது. கோட்னிஸ் துயரத்தை உள்ளடக்கிக்கொண்டு, பணியை முடிக்காமல் திரும்புவதில்லை எனத் துணிந்தார். அத்துணிவின் விலை என்ன என்பது அன்று அவருக்கே தெரியாது.

1939-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐவரும் யேனான் நகரை அடைந்தனர். அங்கே மருத்துவமனை என்பது மாடமாளிகையன்று. மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து அமைத்த குகைகளே நோயாளர் விடுதிகள். சில திங்கள் அங்குத் தொண்டாற்றியபின், கோட்னிஸ் போர்முனை சென்றார். 1940-இல் பாசுவுடன், பகைவர் படை சூழ்ந்த வடசீன மலைப்பகுதியை அடைந்தார். கனடா நாட்டு அறுவை மருத்துவராகிய நார்மன் பெத்யூன் தொண்டாற்றி, அறுவையின்போது விரலில் பட்ட காயம் நஞ்சாகி, 1939 நவம்பரில் உயிர்நீத்த இடம் அது. அவர் விட்ட பணியைத் தொடரும் பொறுப்புக் கோட்னிசை வந்து சேர்ந்தது.

அப்பணியின் அருமையை இன்று நாம் முழுதும் உணர்தல் அரிது. பகைவர் வருகின்றனர் என்னும் செய்தி எட்டியதும் மருத்துவமனை முழுவதையும் பெயர்த்துக்கொண்டு மலையேற வேண்டும். உழவர் குடிசையே அறுவைக்கூடம் ஆகும். மருந்தும் கருவிகளும் எந்நாளும் பற்றாக்குறை. 1940-இல் நடந்த ஒரு நெடும்போரில் 800-க்கும் மேற்பட்ட காயமுற்றோர்க்கு அவர் மருத்துவம் செய்தார்; 72 மணி நேரம் கண்ணுறங்காமல் அறுவை செய்தார். 1941 ஜனவரியில், பெத்யூன் பெயரால் அமைந்த சர்வதேச அமைதி மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். சீனமொழியைப் பேசவும் எழுதவும் கற்று, அம்மொழியிலேயே மாணவர்க்குப் பாடம் புகட்டினார். நோயாளியிடம் அவன் மொழியிலேயே நோவு எங்கே என்று கேட்கத் தெரிந்த அயல்நாட்டு மருத்துவரை மக்கள் தம்மவராகவே கொண்டதில் வியப்பில்லை.

பெத்யூனின் கல்லறைத் திறப்பு விழாவில் அவர் கண்டு பழகிய செவிலியர் குவோ சிங்லான் என்னும் மங்கையாரை 1941-இல் மணந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் மைந்தன் பிறந்தான். இந்தியாவைக் குறிக்கும் 'இன்' என்பதையும் சீனத்தைக் குறிக்கும் 'ஹுவா' என்பதையும் இணைத்துக் குழந்தைக்கு 'இன்ஹுவா' எனப் பெயரிட்டனர்.

இதற்கிடையே கோட்னிசைக் காக்கை வலிப்பு நோய் பற்றியிருந்தது. பிறர் நோயைத் தீர்ப்பதில் காட்டிய கருத்தில் ஒரு பங்கைத் தம் உடம்பின்மீது அவர் காட்டவில்லை. இஃது ஒன்றே அவரிடம் காணத்தக்க குறை எனலாம். பகல் முழுதும் நோயாளரைக் கவனிப்பார். மாணவர்க்காக அறுவை மருத்துவ நூல் ஒன்றையும் எழுதிவந்தார். அந்நூல் முற்றுப்பெறவில்லை. வலிப்பு அடுத்தடுத்துத் தாக்க, 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு 32 வயது. குழந்தைக்கு மூன்றரைத் திங்கள். மா சே துங் தம் கைப்பட இரங்கலுரை எழுதினார்.

உடன் சென்ற நால்வரும் ஒருவர்பின் ஒருவராகத் தாயகம் திரும்பினர். திரும்பாத ஒருவரின் வரலாற்றைக் குவாஜா அகமத் அப்பாஸ் நூலாக எழுதினார். அதனைத் தழுவி 1946-இல் சாந்தாராம் திரைப்படம் எடுத்தார். கோட்னிசின் உடல் பிற்காலத்தில் ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பெற்றது. பெத்யூனின் கல்லறையும் அங்கேயே உள்ளது. தந்தையைப் போலவே மருத்துவம் பயின்ற இன்ஹுவா, படிப்பு முடியுமுன் 1967-இல் இறந்தான். கணவனையும் மகனையும் இழந்த அவ்வம்மையார், 2012-இல் மறையும்வரை, கணவரின் உறவினரைக் காணப் பன்முறை இந்தியா வந்து சென்றார்.